தொண்ணூறு நிமிடங்களுக்குப் பின்

இத்தாலியின் அட்ரியாட்டிக் கடற்கரையில், வெனிஸ் நகருக்கு அருகே யேசொலோ என்றொரு ஊர் இருக்கிறது. கோடையில் கடலாட வருகிறவர்களை நம்பி வாழும் ஊர். 1985 ஆகஸ்டில் அமெரிக்க மகளிர் கால்பந்து அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை அங்கேதான் ஆடி, இத்தாலியிடம் தோற்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் பிரேசில் மகளிர் அணியும் அதே ஊரில்தான் முதன்முதலாகக் களமிறங்கியது. எதிரணி அமெரிக்கா. பிரேசில் 1-2 என்ற கணக்கில் தோற்றது.

ஓராண்டு இடைவெளியில் ஒரே ஊரில் கணக்கைத் தொடங்கிய இந்த இரண்டு அணிகளில் ஒன்று நான்கு உலகக் கோப்பைகளையும் ஐந்து ஒலிம்பிக் தங்கங்களையும் வென்றிருக்கிறது. மற்றொன்றிடம் இரண்டிலும் ஒன்றுகூட இல்லை. மூன்று ஒலிம்பிக் வெள்ளி (2004, 2008, 2024), 2007 உலகக் கோப்பையில் இரண்டாமிடம், 1999இல் மூன்றாமிடம். உலக அரங்கில் பிரேசிலின் பெரிய வரவு இவ்வளவே. மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் வென்றது அதே அமெரிக்கா. மூன்றிலும் வித்தியாசம் ஒரே ஒரு கோல்.

ஆண்கள் கால்பந்தில் ஐந்து முறை உலகை வென்ற நாடு அது. உலகின் சிறந்த வீராங்கனை என்ற ஃபிஃபா விருதை ஆறு முறை பெற்ற மார்த்தாவின் நாடு. அந்நாட்டுப் பெண்கள் ஏன் கடைசிப் படியில் நின்றுவிடுகிறார்கள்? இதற்கு மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பெண்கள் கால்பந்தாடுவதை அரசே தடுத்து வைத்திருந்தது என்பது முதல் பதில். நெருக்கடியில் உடைந்துபோகும் மனம் என்பது இரண்டாவது. மார்த்தா என்ற ஒருவரை நம்பியே அணி ஓடியது என்பது மூன்றாவது. மூன்றையும் உரசிப் பார்த்து, எது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டால்தான் இந்த அணியைப் பற்றி நேர்மையாக ஒரு தீர்ப்புச் சொல்ல முடியும்.

தடை எவ்வளவு விளக்கும்?

1941 ஏப்ரலில் கெத்தூலியோ வர்காஸின் சர்வாதிகார அரசு விளையாட்டுத் துறையை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் பெண்கள் ஈடுபடக் கூடாது என்றது அதன் 54ஆவது பிரிவு. கால்பந்து என்ற சொல் அதில் இல்லை. ஆனால் முந்தைய ஆண்டில்தான் ரியோ டி ஜெனீரோவின் புறநகர்களில் முளைத்திருந்த பெண்கள் அணிகளைத் தடுக்கச் சொல்லி அதிபருக்கே கடிதம் போயிருந்தது. சாவ் பாவ்லோவின் பக்கயம்பு மைதானத்தில் பெண்கள் ஆடியதும் அதே 1940இல்தான். ஆகவே சட்டம் எதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1965இல் ராணுவ ஆட்சி அந்த ஐயத்துக்கும் இடம் வைக்காமல், புல்தரை, உள்ளரங்கு, கடற்கரை என்று கால்பந்தின் எல்லா வடிவங்களையும் பெயர் சொல்லியே தடுத்தது. தடை நீங்கியது 1979இல். பெண்கள் ஆட்டத்துக்கு முறையான விதிகள் வந்தது 1983இல்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் என்பது காகிதத்தில் ஒரு எண். ஆட்களாகப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். 1999 உலகக் கோப்பையில் ஏழு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான விருதைச் சீனாவின் சுன் வென்னோடு பகிர்ந்துகொண்ட சிசி, 1967இல் பாஹியா மாநிலத்தில் பிறந்தவர். பொம்மைகளின் தலையைப் பிய்த்துப் பந்தாக்கி உதைத்த குழந்தைப் பருவத்தை அவரே சொல்லியிருக்கிறார். ஏழு உலகக் கோப்பைகளிலும் ஏழு ஒலிம்பிக்குகளிலும் ஆடிய ஃபொர்மீகா, 1978 மார்ச்சில் சல்வடோர் நகரில் பிறந்தார். பிற்காலத்தில் அவர் பேரும் புகழும் பெறப்போகும் தொழில் அன்று அவருக்குச் சட்டப்படி மறுக்கப்பட்டிருந்தது. அவருடைய விடையாட்டம் 2021 நவம்பரில் மனாவ்ஸ் நகரில் இந்தியாவுக்கு எதிராக நடந்தது. பிரேசில் 6-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் இந்தியாவின் மனீஷா கல்யாண் எட்டாவது நிமிடத்திலேயே ஒரு கோல் அடித்தார். தடைக்காலத்தில் பிறந்த ஒருவர் நம் காலத்தில், நம் நாட்டுப் பெண்களோடு ஆடிவிட்டுத்தான் விடைபெற்றார். அந்தத் தடையைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் தடையை மட்டும் காரணம் காட்டும் வாதம் ஓரிடத்தில் தடுமாறுகிறது. பெண்கள் ஆட்டத்தைத் தடுத்த நாடு பிரேசில் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1921இல் தன் கிளப் மைதானங்களைப் பெண்களுக்கு மூடி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு திறக்காமல் வைத்திருந்தது. மேற்கு ஜெர்மனியின் சம்மேளனம் 1955 முதல் 1970 வரை தடுத்தது. அதே ஜெர்மனி 2003, 2007 உலகக் கோப்பைகளை வென்றது. இங்கிலாந்து 2022இல் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. பிரேசிலில் தடுத்தது சம்மேளனம் அல்ல, அரசின் சட்டம் என்ற வேறுபாடு உண்மைதான். அது காயத்தை ஆழமாக்கியது. என்றாலும், தடை விதித்த நாடுகளில் சில மீண்டு எழுந்து கோப்பை வென்றிருக்கும்போது, தடை மட்டுமே முழு விளக்கமாக நிற்காது.

பார்க்க வேண்டியது தடை நீங்கிய பிறகான ஆண்டுகளை. ஜெர்மனியில் 1970இல் தடை நீங்கியது, 1990இல் மகளிர் பண்டஸ்லிகா தொடங்கியது. இடையில் இருபது ஆண்டுகள். பிரேசிலில் 1979இல் தடை நீங்கியது. விட்டு விட்டு நடந்த தேசியப் போட்டிகள் போக, ஆண்டு தவறாமல் நடக்கும் தேசிய லீக் வந்தது 2013இல். இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள். அமெரிக்காவிலோ 1972ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், அரசு நிதி பெறும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்குச் சம வாய்ப்புத் தர வேண்டும் என்றது. அதனால் யேசொலோவில் இறங்கிய அமெரிக்க அணிக்குப் பின்னால் பல்கலைக்கழகங்கள் நின்றன. பிரேசிலில் அந்த ஆண்டுகளில் அணிக்குத் தூணாக நின்றது ரியோவின் ராடார் என்ற ஒற்றை கிளப். 1988இல் சீனாவில் ஃபிஃபா நடத்திய முன்னோட்டப் போட்டிக்குப் போன பிரேசில் அணியில் பெரும்பாலோர் அந்த கிளப்பிலிருந்து வந்தவர்கள். ஆண்கள் அணிக்காகத் தைத்த, உடலுக்குப் பொருந்தாத உடையோடு ஆடி மூன்றாமிடம் பெற்றுத் திரும்பினார்கள்.

ஆக முதல் பதிலைப் பாதி ஏற்கலாம். தடை பிரேசிலைத் தாமதமாகத் தொடங்க வைத்தது. அந்தத் தாமதம் தீராமல் நீண்டதற்குப் பொறுப்பு தடைக்குப் பின் வந்தவர்களுடையது.

கடிகாரம் சொல்லும் சாட்சி

இரண்டாவது பதில், மனவலிமைக் குறைவு. பிரேசில் பெண்கள் அழகாக ஆடுவார்கள், முக்கியமான ஆட்டத்தில் கோட்டைவிடுவார்கள் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. இதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, எந்தெந்த நிமிடத்தில் தோல்வி வந்தது என்று பார்ப்பதுதான்.

2004 ஏதென்ஸ் முதல் 2023 உலகக் கோப்பை வரை, உலகக் கோப்பையும் ஒலிம்பிக்கும் சேர்த்துப் பத்துப் போட்டிகள். அவற்றில் நான்கில்தான் பிரேசிலின் வாய்ப்பு தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிந்தது: 2007 இறுதியாட்டம், 2012 காலிறுதி, 2015 இரண்டாம் சுற்று, 2023 முதல் சுற்று. மீதி ஆறிலும் தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது பிரேசில் இன்னும் தோற்றிருக்கவில்லை. 2004 இறுதியாட்டத்தில் ஆபி வாம்பாக்கின் தலையடி 112ஆவது நிமிடத்தில் வந்தது. 2008 இறுதியாட்டத்தில் கார்லி லாயிட் 96ஆவது நிமிடத்தில் அடித்தார். 2011 காலிறுதியில் 122ஆவது நிமிடத்தில் வாம்பாக் சமன்செய்ய, ஷூட் அவுட்டில் பிரேசில் வெளியேறியது. 2016 அரையிறுதியில் ஸ்வீடனிடம், மரகானா மைதானத்தில், கோலற்ற 120 நிமிடங்களுக்குப் பின் ஷூட் அவுட். 2019இல் பிரான்ஸின் அமந்தின் ஆன்ரி அடித்தது 107ஆவது நிமிடத்தில். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாவிடம் மீண்டும் ஷூட் அவுட்.

இந்தப் பட்டியலை இரண்டு விதமாகப் படிக்கலாம். உடையும் மனம் என்று படிக்கிறவர்களுக்கு ஷூட் அவுட்கள் ஆதாரமாகத் தோன்றும். ஆனால் 1999 காலிறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக 3-0 என்ற முன்னிலையை இழந்து 3-3 என்று தடுமாறிய பிறகும், 104ஆவது நிமிடத்தில் சிசியின் ஃப்ரீ கிக்கால் வென்றது இதே அணி. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் நார்வேயை ஷூட் அவுட்டில் வென்றது. 2016 காலிறுதியில் மார்த்தாவின் பெனால்டியே தடுக்கப்பட்ட பிறகும், கோல்கீப்பர் பார்பராவின் கைகளால் ஆஸ்திரேலியாவை 7-6 என்று வென்றது. மனம் உடையும் அணிக்கு இப்படிப்பட்ட இரவுகள் அமையாது.

நான் இந்தப் பட்டியலை வேறுவிதமாகப் படிக்கிறேன். இவற்றில் 2004, 2008, 2011 ஆட்டங்களில் மூன்று பேரைத்தான் மாற்ற முடிந்தது. கூடுதல் நேரம் வந்தால் எட்டுப் பேர் முழு 120 நிமிடமும் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டத்துக்கான கால்கள் போட்டிக்கு முந்தைய முகாமில் உருவாவதில்லை. ஆண்டு முழுவதும் வாரந்தோறும் போட்டி ஆட்டம் ஆடும் உடம்பில்தான் உருவாகின்றன. மார்த்தாவும் அவருடைய சக வீராங்கனை கிறிஸ்தியானேயும் ஐரோப்பிய லீக்குகளில் ஆடிய ஆண்டுகளில், உள்நாட்டிலேயே இருந்தவர்களுக்கு ஆடத் தொடர்ச்சியான லீக் இல்லை. தொண்ணூறு நிமிடம் வரை திறமை ஈடுகொடுத்தது. அதற்குப் பிறகு அமைப்பு கணக்குக் கேட்டது.

இந்த வாசிப்புக்கு எதிரான சாட்சியையும் மறைக்கக் கூடாது. 2011இல் டிரெஸ்டன் நகரில் நடந்த ஆட்டத்தில் அமெரிக்க வீராங்கனை ஒருவர் சிவப்பு அட்டை பெற்று, அறுபத்தைந்தாவது நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார். மீதி ஆட்டம் முழுவதும், கூடுதல் நேரம் உட்பட, பிரேசில் பதினொருவர் பத்துப் பேருக்கு எதிராக ஆடினார்கள். 2-1 என்று முன்னிலை பெற்ற பின் நேரத்தைக் கடத்தப் பார்த்தார்கள். அப்படிக் கடத்திய நேரத்தை நடுவர் ஈடுசெய்து கொடுத்தார்; அதில்தான் சமன்கோல் விழுந்தது. அந்த இரவுக்கு லீக் இல்லாததைக் காரணம் சொன்னால் அது சாக்காகிவிடும். அது ஆட்டத்தைக் கையாளத் தெரியாத பிழை, அணியும் பயிற்சியாளரும் ஏற்க வேண்டிய பிழை. அதேபோல் 2004இல் பந்து இருமுறை கம்பத்தில் பட்டுத் திரும்பியதும், 2007 இறுதியாட்டத்தில் மார்த்தாவின் பெனால்டியை நாடின் ஆங்கரர் தடுத்ததும் எந்த அமைப்பாலும் விளக்க முடியாதவை. ஜெர்மனி அந்த உலகக் கோப்பை முழுவதும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அப்படியோர் அணியிடம் தோற்பதில் இழுக்கும் இல்லை. ஆனால் ஓரிரு ஆட்டங்களைத் தற்செயல் தீர்மானிக்கலாம். பத்தில் ஆறு முறை ஒரே இடத்தில் கயிறு அறுந்தால், கயிற்றைத் திரித்தவரைத்தான் கேட்க வேண்டும்.

மார்த்தாவைச் சார்ந்த அணியா?

மூன்றாவது பதிலுக்கு வருவோம். அலகோவாஸ் மாநிலத்தின் வறண்ட உள்நாட்டில் டோயிஸ் ரியாஷோஸ் என்ற சிற்றூரில் 1986இல் பிறந்த மார்த்தா, பதினான்கு வயதில் நெடுந்தொலைவு பேருந்தில் பயணம் செய்து ரியோவுக்கு வந்து வாஸ்கோ ட காமா கிளப்பில் சேர்ந்தார். அந்த கிளப் தன் மகளிர் பிரிவை மூடியது. 2004இல் அவர் ஸ்வீடனின் உமியோ கிளப்புக்குப் போனார். 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் அமெரிக்காவை 4-0 என்று பிரேசில் நொறுக்கியபோது, தற்காப்பாளருக்கு முதுகைக் காட்டியபடியே பந்தைத் தூக்கிவிட்டு, மறுபக்கம் சுற்றி ஓடி அவர் அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. 2019இல் இத்தாலிக்கு எதிராக அடித்த கோலோடு உலகக் கோப்பைகளில் அவர் கணக்கு 17 ஆனது. ஆணோ பெண்ணோ, அதுவரை வேறு யாரும் எட்டாத எண்ணிக்கை அது.

இப்படி ஒருவர் இருந்தால் அணியின் வரலாறே அவர் வரலாறாக எழுதப்படுவது இயல்பு. ஆனால் முடிவுகள் அதற்கு இடம் தரவில்லை. மார்த்தா பிறந்து இரண்டே வயதான 1988இல் பிரேசில் மூன்றாமிடம். அவர் இன்னும் ரியோவுக்கே வந்து சேராத 1999இல் மூன்றாமிடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்கு எதிரான குழு ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று இரண்டு ஆட்டங்களுக்கு அவர் தடைசெய்யப்பட்டார். அவர் இல்லாத அந்தக் காலிறுதியிலும் அரையிறுதியிலும்தான் பிரேசில் சொந்த மண்ணில் ஆடிய பிரான்ஸையும், உலகச் சாம்பியன் ஸ்பெயினையும் வென்றது. அவர் உச்சத்தில் இருந்த 2011, 2012 போட்டிகளிலோ காலிறுதியைத் தாண்டவில்லை. அவர் இருந்ததால் மட்டும் வென்றார்கள் என்பதற்கும், அவரைச் சார்ந்ததால் தோற்றார்கள் என்பதற்கும் சான்று இல்லை.

மார்த்தாவின் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது வேறு. உலகின் சிறந்த வீராங்கனையைப் பயிற்றி வளர்த்த லீக் பிரேசிலில் இல்லை, ஸ்வீடனில் இருந்தது. 2019இல் பிரான்ஸிடம் தோற்றபின், மைதானத்திலேயே கேமராவைப் பார்த்து அவர் நாட்டின் சிறுமிகளிடம் பேசினார். ஃபொர்மீகாவும் மார்த்தாவும் கிறிஸ்தியானேயும் எப்போதும் இருக்க மாட்டார்கள், இந்த ஆட்டம் பிழைப்பது உங்கள் கையில்தான் என்ற பொருளில் அந்தப் பேச்சு அமைந்தது. ஒரு வீராங்கனை அதைச் சொல்வது நெகிழவைக்கிறது. ஆனால் அடுத்த தலைமுறையை உருவாக்கும் கடமை சிறுமிகளின் தோளில் விழக் கூடாது. அது சம்மேளனத்தின் கடமை.

கண்டத்துக்குள் அரசி

இந்த இடத்தில் பிரேசிலுக்கு ஆதரவான ஒரு வலுவான வாதம் எழும். தென் அமெரிக்கப் பட்டம் இதுவரை பத்து முறை நடந்ததில் ஒன்பது முறை பிரேசிலுக்குத்தான். 2006இல் மட்டும் அர்ஜென்டினா அதைப் பறித்தது. இதைச் சாதனையாகக் கொள்ள வேண்டாமா?

கொள்ளலாம், அளவோடு. 1991இல் நடந்த முதல் போட்டியில் கலந்துகொண்டதே மூன்று அணிகள்தான்: பிரேசில், சிலி, வெனிசுவேலா. 1998 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவை 7-1 என்று வென்றது பிரேசிலின் பலத்தைப் போலவே அண்டை நாடுகளின் புறக்கணிப்பையும் காட்டுகிறது. பக்கத்து வயல்கள் தரிசாகக் கிடக்கையில் நம் வயலின் பயிர் உயரமாகத்தான் தெரியும். நெடுங்காலம் பிரேசில் சம்மேளனம் அந்த உயரத்தைக் காட்டியே தன் கடமை முடிந்ததாக இருந்துகொண்டது என்பது என் குற்றச்சாட்டு. ஆண்டுக்கணக்கில் உண்மையான சவால் இல்லாமல், உலகக் கோப்பையில்தான் முதல் கடின ஆட்டத்தைச் சந்திக்கும் அணிக்கு அந்தப் பட்டங்கள் உதவவில்லை.

இன்று நிலைமை மாறிவருகிறது. 2022 இறுதியாட்டத்தில் கொலம்பியாவை அதன் மண்ணில் ஒரே ஒரு பெனால்டி கோலால்தான் பிரேசில் வென்றது. 2025 ஆகஸ்டில் கீட்டோ நகரில் அதே கொலம்பியா மூன்று முறை முன்னிலை பெற்றது. மாற்று வீராங்கனையாக வந்த முப்பத்தொன்பது வயது மார்த்தா, ஆட்டம் முடியும் தறுவாயில் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் அடித்தார். 4-4 என்று முடிந்து, ஷூட் அவுட்டில்தான் பிரேசில் வென்றது. ஒன்பது பட்டங்களில் என் மதிப்பில் மிகக் கனமானது இதுதான். எதிரி வலுவாக இருந்தார், பிரேசில் மூன்று முறை பின்தங்கியது, தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகும் நின்று வென்றது.

சம்மேளனத்தின் மருந்துகள்

2007 ஜூலையில் ரியோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் பிரேசில், அமெரிக்கா அனுப்பிய இளையோர் அணியை 5-0 என்று வென்றது. மரகானாவில் ஏறத்தாழ 68,000 பேர் திரண்டிருந்தார்கள். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வராது என்ற வாதம் அன்றே செத்துவிட்டது. இரண்டே மாதத்தில் ஷாங்காயில் உலகக் கோப்பை இறுதியில் தோற்றுப் பதக்கம் வாங்க நின்றபோது, அதே பெண்கள் தங்களுக்கு ஆதரவு வேண்டும் என்று நாட்டைக் கேட்கும் பதாகையைப் பிடித்தார்கள். நிரம்பிய மைதானத்துக்கும் அந்தப் பதாகைக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்த அணியின் வரலாறு.

சம்மேளனம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2007இலேயே தேசியக் கோப்பைப் போட்டி தொடங்கியது. ஆனால் அது தோற்றால் வெளியேறும் முறை. முதல் சுற்றில் தோற்கும் அணிக்கு ஓரிரு ஆட்டத்தோடு ஆண்டு முடிந்துவிடும். கிளப்களும் நிலையாக இல்லை. 2009, 2010 இரண்டு ஆண்டுகளும் தென் அமெரிக்க கிளப் பட்டமான லிபர்ட்டடோரஸை வென்ற சாந்தோஸ் கிளப், 2012 தொடக்கத்தில் செலவைக் காரணம் காட்டி மகளிர் அணியையே கலைத்தது. மீண்டும் தொடங்கியது 2015இல். கண்டத்தின் சாம்பியனுக்கே அந்தக் கதி என்றால் மற்ற அணிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2015இல் இன்னொரு மருந்து வந்தது. சம்மேளனமே வீராங்கனைகளை ஒப்பந்தத்தில் எடுத்து, ஒரே முகாமில் வைத்துப் பயிற்சி தரும் நிரந்தர தேசிய அணி. சம்பளமும் ஒழுங்கான பயிற்சியும் கிடைத்தது நன்மைதான். ஆனால் சிறந்த ஆட்டக்காரர்களை கிளப்களிடமிருந்து உருவி எடுத்துவிட்டு, அந்த கிளப்களின் லீக் வளர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த ஆண்டு உலகக் கோப்பையில் இரண்டாம் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் பிரேசில் வெளியேறியது. உச்சியைச் செப்பனிட்டு அடித்தளத்தைச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் அதோடு பொய்த்திருக்க வேண்டும்.

பொய்க்கவில்லை. அடுத்து வந்ததை இந்த வரலாற்றின் மிகத் தெளிவான அநீதி என்பேன். 2016 நவம்பரில் எமிலி லிமா அணியின் முதல் பெண் பயிற்சியாளரானார். பத்து மாதத்தில், ஆஸ்திரேலியாவில் ஆடிய நட்பு ஆட்டங்களின் தோல்விக்குப் பின் நீக்கப்பட்டார். அவரைத் தொடர விடுங்கள் என்று வீராங்கனைகள் கேட்டிருந்தும் பயனில்லை. கிறிஸ்தியானே உள்ளிட்ட பலர் எதிர்ப்பாகத் தேசிய அணியிலிருந்து விலகினார்கள். முன்பே பதவியில் இருந்த வடாவோ திரும்ப அழைக்கப்பட்டார். அவருடைய அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் தோற்றபின்னும் 2019 உலகக் கோப்பைக்கு அவர்தான் அழைத்துச் சென்றார். ஒருவருக்குப் பத்து மாதம், மற்றவருக்கு ஒன்பது தோல்விகளுக்குப் பிறகும் பொறுமை. வடாவோவின் தனிப்பட்ட தகுதியை நான் இங்கே எடைபோடவில்லை. ஒரே சம்மேளனம் இரண்டு பேருக்கு வைத்த இரண்டு அளவுகோல்களைத்தான் சொல்கிறேன். அதே மனப்போக்கின் பழைய முகத்தை 2001இல் சாவ் பாவ்லோ மாநிலப் போட்டியில் பார்க்கலாம். அங்கே தேர்வில் தோற்றத்துக்கும் இடம் இருந்தது; தலையை மழித்த பெண்களுக்கு இடம் இல்லை. 1999இல் உலகம் வியந்த சிசி மழித்த தலையோடு ஆடியவர்.

2019இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியா சுண்டாகே பயிற்சியாளரானார். அமெரிக்காவுக்கு 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களை வென்று தந்தவர். 2020 செப்டம்பரில் ஆண்கள், பெண்கள் தேசிய அணிகளுக்கு ஒரே தினப்படி, ஒரே பரிசுத்தொகை என்று சம்மேளனம் அறிவித்தது. அது கொள்கையளவில் பெரிய வெற்றி. மகிழ்ந்து வரவேற்க வேண்டியது. ஆனால் 2023 உலகக் கோப்பையில் பனாமாவை மட்டும் வென்று, பிரான்ஸிடம் தோற்று, ஜமைக்காவோடு கோலின்றி டிரா செய்து முதல் சுற்றிலேயே அணி வெளியேறியது. தேர்ந்த பயிற்சியாளரும் சமமான ஊதியமும் நீதிக்குத் தேவை. வெற்றிக்கு அவை போதவில்லை.

2024 எதைக் காட்டியது?

வேலை செய்த மருந்து ஒன்று உண்டு. அதற்கு அவ்வளவு விளம்பரம் கிடைக்கவில்லை. 2019 முதல், முதல் பிரிவில் ஆடும் ஆண்கள் கிளப்களுக்கு மகளிர் அணியும் இருந்தாக வேண்டும் என்ற உரிம விதி நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லீக்குக்கு அது பெரிய கிளப்களைக் கொண்டுவந்தது. அந்த லீக்கில் கொரிந்தியன்ஸ் அணி ஓங்கி நின்றது. 2022, 2023, 2024 லீக் இறுதியாட்டங்களுக்கு அதன் மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த அணியை வளர்த்த ஆர்தர் எலியாஸ் 2023 செப்டம்பரில் தேசியப் பயிற்சியாளரானார்.

பாரிஸில் அவருடைய அணி முதலில் தடுமாறியது. நைஜீரியாவை வென்றது, ஜப்பானிடமும் ஸ்பெயினிடமும் தோற்றது, மூன்றாமிடம் பெற்ற அணிகளில் ஒன்றாகத்தான் காலிறுதிக்கு நுழைந்தது. இதை மறந்துவிட்டு அந்த வெள்ளியைக் கொண்டாடக் கூடாது. ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். பிரான்ஸுக்கு எதிராகக் கோல்கீப்பர் லொரேனா பெனால்டியைத் தடுத்தார், காபி போர்ட்டில்யோ 82ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். இருவரும் அப்போது உள்நாட்டு லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். அரையிறுதியில் ஸ்பெயினை 4-2 என்று வென்றார்கள். பயிற்சியாளர் ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களை மாற்றினார், ஐந்து மாற்றங்களையும் துணிந்து செய்தார். முன்பு விதி அனுமதித்த அளவுக்குக்கூட இதைச் செய்ய முடியாது. மாற்றி இறக்க அதே தரத்தில் ஆள் இல்லை. இறுதியாட்டத்தில் மேலரி ஸ்வான்சனின் 57ஆவது நிமிடக் கோலால் அமெரிக்காவிடம் மறுபடியும் தோற்றது உண்மை. ஆனால் 2004, 2008 வெள்ளிகளை வென்றது ஒரு பொற்தலைமுறை. 2024 வெள்ளியை வென்றது ஒரு லீக்.

தீர்ப்பு

மூன்று பதில்களையும் உரசியபின் கையில் மிஞ்சுவது இதுதான். தடை பாதி உண்மை. மனவலிமைக் குறைவு என்பது ஆதாரமற்ற பழி, 2011 போன்ற சில இரவுகளின் பிழை நீங்கலாக. மார்த்தாவைச் சார்ந்த அணி என்பது பிழையான வாசிப்பு. பிரேசில் மகளிர் அணிக்குத் திறமை ஒருநாளும் குறைந்ததில்லை. அதற்குக் குறைந்தது இரண்டாவது பதினொருவர். முதல் பதினொருவரைத் தெருவும் கடற்கரையும் அண்ணன் தம்பிகளோடு ஆடிய காலிமனையும் தந்துவிடும். இரண்டாவது பதினொருவரை லீக்கும் சம்பளமும் இளையோர் அணிகளும் கலைக்கப்படாத கிளப்களும் மட்டுமே தரும். அதாவது அவர்களை அணி உருவாக்க முடியாது, நாடுதான் உருவாக்க வேண்டும்.

ஆகவே உலகப் பட்டம் இல்லாததைக் கொண்டு இந்த வீராங்கனைகளைத் தோற்றவர்கள் என்று எழுதுவது தவறு. வேறொருவர் கட்டாத கடனுக்கு அவர்கள் நாற்பது ஆண்டுகள் வட்டி கட்டியிருக்கிறார்கள். அதே சமயம், அவர்களைத் தியாகச் சுடர்களாக மட்டும் போற்றுவதையும் நான் ஏற்கவில்லை. அந்தப் போற்றுதல் கடன்காரரைத் தப்பவிடுகிறது. தடைக்காலத்தின் குற்றத்தை வர்காஸின் மேல் வைக்கலாம். 1979க்குப் பிந்தைய முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பொறுப்பாளி கால்பந்து சம்மேளனமும் அந்நாட்டின் பெரிய கிளப்களும்தான்.

2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு, 2027 மகளிர் உலகக் கோப்பையை நடத்தும் உரிமையைப் பிரேசிலுக்குத் தந்தது. தென் அமெரிக்காவுக்கு அது முதன்முறை. ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை மைதானங்கள் நிரம்பும் என்பதில் எனக்கு ஐயமில்லை; 2007 ஜூலையிலும் நிரம்பியது. கோப்பை பிரேசிலின் கைக்கு வந்தால் யேசொலோவில் தொடங்கிய கணக்கின் ஒரு வரி நேராகும், நானும் மனம் நிறைந்து மகிழ்வேன். ஆனாலும் இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் தேதியிட்டுப் பார்க்க வேண்டிய மாதம் ஆகஸ்ட். உலகக் கோப்பை முடிந்த அந்த ஆகஸ்டில், அலகோவாஸில் ஒரு பதினான்கு வயதுப் பெண் பந்தாட விரும்பினால், ரியோ வரை பேருந்து ஏறாமல் அவள் சேர ஒரு கிளப் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டும் அது மூடாமல் இருக்க வேண்டும்.